அரை சென்டிமீட்டர்

டயர் கடைக்கு மேலே இருந்த மாடியறையில், ஓட்டக்காரர்களுக்கு மட்டும் அளவெடுத்து ஷூ செய்துகொண்டிருந்தார் அவர். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் ‘அளவுகாரர்’. ஒரு பாதத்துக்குப் பதினேழு அளவு எடுப்பார். “பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க” என்று புதிதாக வருபவர்கள் கேலி செய்வார்கள். அவருடைய கல்யாணம் முறிந்து மூன்று வருடமானது தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முறித்துக்கொண்டு போனவள் ஒரு திங்கட்கிழமை காலையில் படியேறி வந்து நின்றாள். அவளும் ஓட்டக்காரிதான், நெடுந்தூரம் ஓடுபவள்.

“எந்த ஷூ போட்டாலும் கடிக்குதுங்க. ரெண்டு நகம் கறுத்துப்போச்சு. உங்களை விட்டா எனக்கு ஆளில்ல.”

“ஷூவுக்குத்தானே?” என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள்.

அவளுடைய பாதத்துக்கென்று செதுக்கிய மர அச்சு அலமாரியில் அப்படியே இருந்தது. அதன்மேல்தான் ஷூவின் தோலை இழுத்துக் கட்டித் தைப்பார். இருந்தாலும் அளவெடுக்காமல் வேலை தொடங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காகிதத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். பழைய வரைபடத்தை எடுத்து இதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் பக்கம் புதுக்கோடு வெளியே தள்ளி நின்றது. உள்வளைவும் இறங்கியிருந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி வரைந்தார். அதே அளவுதான் வந்தது.

வயது ஏற ஏறப் பாதம் கொஞ்சம் அகலும். முப்பத்தொரு வயதில் சும்மா நீளாது. எதனால் நீளும் என்று பல பெண்களின் கால்களைப் பிடித்துப் பார்த்த அவருக்குத் தெரியும்.

“எத்தனை வயசு?”

“எனக்கா?”

“குழந்தைக்கு.”

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஒன்றரை. பொண்ணு.”

“அரை சென்டிமீட்டர் கூடியிருக்கு.”

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன?”

ஏழு வருடம் சேர்ந்து வாழ்ந்தபோது அவள் ஒருமுறை குழந்தை கேட்டாள். தேசியப் போட்டி முடியட்டும் என்றார். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாள். “இப்ப பெத்துக்கிட்டா உன் ஓட்டம் அதோட சரி” என்று அவர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அந்த வருடம் அவர் செய்த ஷூவில் ஓடி அவள் வெள்ளி வாங்கினாள். பதக்கத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டினார். ஆறே மாதத்தில், பதக்கத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

“இனிமே ஓட முடியுமா?” என்று கேட்டார். கேட்கும்போதே எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“பொறந்தப்புறம்தான் நல்லா ஓடறேன். பழைய நேரத்தைவிட நாற்பது செகண்ட் கம்மி” என்றாள். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால் அவரால் திருப்பிப் பேச முடிந்திருக்கும்.

புதிய அச்சு செதுக்கவே நான்கு நாள் ஆனது. பிறகு மேல்தோலை வெட்டித் தைத்தார். ஆறாம் நாள் குதிகால் வேலை. குதிகாலைப் பின்னாலிருந்து கவ்விப்பிடிக்கும் கிண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும். அன்று அவர் கை மெல்லிய அட்டைக்குப் போனது. வெட்டி, பசை தடவி, உள்ளே ஒட்டினார். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பதினைந்தாவது கிலோமீட்டரில் வியர்வையில் ஊறித் தொய்யும், கணுக்கால் பிசகும். டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பசை காய்வதற்குள் பிய்த்துப் போட்டார். நல்ல மனசு என்று சொல்ல முடியாது. மட்டமான ஷூ தன் கையால் போவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஷூவை வாங்க அவள் வரவில்லை. அவளுடைய பயிற்சியாளரும் இப்போதைய கணவருமானவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மரியாதையான மனிதர். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“பின்னாடி ஏன் சார் இவ்வளவு கெட்டி?”

“குதிகால் உள்ள ஆடக்கூடாது.”

“இந்த மெத்து?”

“தரை அடிக்கிற அடியை அது வாங்கிக்கும். முட்டிக்கு விடாது.”

“லேஸுக்கு அடியில இந்த நாக்கு இவ்வளவு தடிமனா?”

“லேஸை இறுக்கினா நரம்பு அழுந்தும். அதுக்குத்தான்.”

“முன்னாடி இடம் காலியா இருக்கே?”

“ஓட ஓடப் பாதம் வீங்கும். இடம் இல்லன்னா நகம் போயிடும்.”

குழந்தை ஷூவுக்குள் கையை விட்டுக்கொண்டு சிரித்தது. பழக்கதோஷத்தில் அதன் வெறுங்காலைப் பார்த்தார். அம்மாவைப் போலவே கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்று தயங்கினார் வந்தவர். “அந்த அச்சையும் குடுத்துட்டா நல்லாருக்கும். எங்க ஊர்லயே ஒருத்தர் செய்யறேங்கறார். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் வர்றது அவளுக்கும் சங்கடம்.”

அளவுகாரர் எழுந்துபோய்ப் புதிய அச்சுகளை எடுத்து, பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

“இடது குதிகால் வலதைவிட ஒரு நூல் சின்னது. செய்யறவர்கிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா நழுவும்.”

“அப்படியா? அவ சொன்னதே இல்லையே!”

“அவங்களுக்கே தெரியாது” என்றார்.

மூன்று மாதம் கழித்து, கீழே டயர் கடைக்காரர் செய்தித்தாளை உயர்த்திக் காட்டினார். அவள் முதலாவதாக வந்திருந்தாள்.

“அண்ணே, உங்க ஷூதானே?”

படம் இடுப்போடு நின்றுபோயிருந்தது, கால் தெரியவில்லை. “இல்ல, அவங்க ஊர்ல ஒருத்தர் செய்யறார்” என்று சொல்லிவிட்டு அளவுகாரர் படியேறினார்.