நான் அழித்த நாற்பத்து மூன்று பாட்டு

கொரியாவின் மாசான் மீன் சந்தையில் பெக் குவாங்சு என்கிற நான் வாய்க்குப் பேர்போனவன். வாயோடு முன்கோபமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் போன ஏப்ரலில்தான் புரிந்தது.

அதற்குச் சில மாதம் முந்தி, என் மனைவி மல்சூனின் ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு நானே கடைக்குக் கூட்டிப்போய் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் ஜோ ஒரே கம்பெனியின் நான்கு மாடல்களைக் கண்ணாடி மேசையில் பரப்பினான். ஒன்றில் கலர் திரை, ஒன்றில் ரேடியோ, ஒன்று தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மல்சூன் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை, எதில் குரல் தெளிவாகப் பதிவாகும் என்று மட்டும் கேட்டாள். கழுத்தில் தொங்கவிடுகிற மாடலை ஜோ எடுத்து நீட்டினான். பாடகி ஆகப்போகிறாயா என்று கேலி செய்துவிட்டு, அவள் கேட்டதை நான் மறந்தும் போனேன்.

அதற்கப்புறம் எந்நேரமும் அது அவள் கழுத்தில்தான். ரப்பர் ஏப்ரனுக்குள் பிளேயர், காதில் வயர், கையில் கத்தி. கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறிக்கொண்டே எதையோ முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால் பாட்டு என்பாள். அந்தச் சமயம் சந்தைப் பெண்கள் பாதிப்பேர் ஒரு இளம் பாடகன் மேல் பைத்தியமாக இருந்தார்கள், பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். போதாக்குறைக்கு மல்சூன் செவ்வாயும் வியாழனும் பொதுக் குளியலறைக்குப் போகிறேன் என்று கிளம்புவாள், திரும்பி வரும்போது தலைமுடி காய்ந்தே இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன்.

ஒரு நாள் அவள் பிளேயரை வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். திரையைப் பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை, ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை வெறும் எண்கள். நாற்பத்து மூன்று பாட்டு! அந்தப் பயல் குரலை என் காதால் வேறு கேட்க வேண்டுமா என்று நேராக ஜோவிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் இளமைக் காலத்துப் பாட்டுகளை ஏற்று என்றேன். கேட்டுப் பார்த்தீர்களா அண்ணே என்றான். அதெல்லாம் உன் வேலை இல்லை என்று அவன் வாயை அடைத்தேன்.

மறுநாள் எங்கள் மீன் கடையில் அவள் பொத்தானை அழுத்தியதும் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

"மிஜின் அப்பா," வழக்கம்போல் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், "இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"அழிச்சாச்சு. அந்தப் பய இனிமே உன் காதுல பாட வேண்டாம்."

"எந்தப் பய?"

நான் பாடகனின் பெயரைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிமேல் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறை என்று சொல்லிப் போனதெல்லாம் சாயங்காலப் பள்ளிக்கு. நடுநிலைப் பள்ளித் தகுதிப் பரீட்சைக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. நான் அழித்தவை வாத்தியார் நடத்திய பாடங்கள், வகுப்பில் அவள் உட்கார்ந்து பதிவு செய்தவை. காலை நாலு மணியிலிருந்து ஈரக் கையும் உப்புத் தண்ணீருமாக நிற்கிறவள் புத்தகத்தை எந்தக் கையால் புரட்டுவாள்? காதால்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா? நான் தோத்துட்டா சந்தை முழுக்கச் சொல்லிச் சிரிப்பீங்க."

சிரித்திருப்பேன். பக்கத்துக் கடற்பாசிக் கடைக்காரன் நோ டிரைவிங் டெஸ்டில் தோற்றதை ஒரு வருஷம் விடாமல் சொல்லிக் காட்டியவன் நான். ஆறாம் வகுப்போடு அவளைக் கருவாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். நடுநிலைப் பள்ளி முடித்தவள் என்று கல்யாணத் தரகர் சொன்ன கதை பொய் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அது அவளுக்கு இவ்வளவு வலித்திருக்கும் என்றுதான் தெரியாமல் போயிற்று.

ஜோ கையை விரித்துவிட்டான், போனது போனதுதானாம். சாயங்காலப் பள்ளிக்கு ஓடினேன். வாத்தியார் ஒரு சின்னப் பையன், பகலில் வேறு வேலை பார்ப்பவர். நாற்பத்து மூன்று பாடத்தையும் திரும்ப நடத்த நேரம் ஏது என்று வருத்தப்பட்டுப் புத்தகங்களைக் கொடுத்தார். அன்றிலிருந்து மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் என் சின்ன லாரிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, புத்தகத்தைப் பிளேயருக்குள் வாசிக்க ஆரம்பித்தேன். கொரிய மொழி, சரித்திரம், விஞ்ஞானம். கணக்கைக்கூட விடவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தேன், அப்படியே மூடி வைத்தேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

நான் படித்த லட்சணத்தை என்ன சொல்ல! ராஜாக்களின் பெயரில் நாக்கு சுளுக்கிக்கொண்டது. இருமினேன், புத்தகம் எழுதியவனைத் திட்டினேன், ஜன்னலைத் தட்டி விலை கேட்டவளிடம் பேரம் பேசினேன். தப்பானதை மட்டும் நீக்கலாம் என்றாலும் அழிக்கும் பொத்தான் பக்கமே நான் விரலைக் கொண்டுபோகவில்லை. எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தன. சொல்ல வேண்டிய மன்னிப்பைக்கூட நேரில் சொல்லத் தெரியாமல் இலைகள் உணவு தயாரிக்கும் பாடத்தின் நடுவில்தான் சொன்னேன். நாலாம் நாள் அவள் நெத்திலியை அள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த இடம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பரீட்சை நாளில், பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்களோடு நானும் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டு மிட்டாயை ஒட்டிவிட்டு வெளியே நின்றேன். அது ஒட்டினால் பாஸ் என்பார்கள். என்னுடையது இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது தடவை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மே மாதம் முடிவு வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள், இங்கிலீஷ் மட்டும் காலை வாரிவிட்டது. ஆகஸ்டில் அதை மட்டும் எழுதினால் போதும். சந்தையில் அன்று நான் யாரிடமும் எதையும் சொல்லிச் சிரிக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஒரு வாரம் கழித்து வாத்தியாரே கடைக்கு வந்தார். இங்கிலீஷ் பாடங்களைச் சுத்தமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறாராம். ஆனால் பிளேயரில் துளி இடமில்லை, பழையதை எடுத்துவிட்டு ஏற்றித் தருகிறேன் என்றார். என் இருமலை எல்லாம் அவர் கேட்டுவிடுவாரே என்று எனக்கு வெட்கம். அழித்துவிடுங்கள் சார், அதெல்லாம் மனுஷன் கேட்கிற மாதிரியா இருக்கிறது என்றேன்.

மல்சூன் கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையாலேயே ஏப்ரனுக்கு மேல் பிளேயரைப் பொத்திக்கொண்டாள்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க சார்."

அன்று சாயங்காலமே ஜோ கடைக்குப் போய், அதே வரிசையில் பெரிய மாடல் ஒன்றை அவளே வாங்கி வந்தாள். இப்போது அவள் கழுத்தில் இரண்டு தொங்குகின்றன. நேற்று கடற்பாசிக் கடை நோ அதைப் பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்கு எதுக்கு அண்ணி ரெண்டு என்று கேட்டான்.

"ஒண்ணு பரீட்சைக்கு."

"இன்னொண்ணு?"

"அது எனக்கு," என்றாள் மல்சூன், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.