இரட்டைப் பூட்டு போட்ட நலவாழ்வு

சகல ஜனங்களும் அறியவும்: மானுட குலத்தின் ஆரோக்கியமானது, தை மாதம் பதினெட்டாம் நாள் காலை பத்தரை மணி முதல், தூத்துக்குடிக்கு வடக்கே எங்கள் கடற்கரைக் கிளை நூலகத்தில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். மாவட்ட அதிகாரி நாற்பது நிமிடம் பேசியதைக் கேட்டால், அதுவரை இந்த ஊரில் ஒருவருக்கும் உடம்பே இருந்ததில்லை என்று தோன்றும்.

நூலகத் துறையும் சுகாதாரத் துறையும் கைகோத்த விழா அது. முன்னது பின்னதற்குப் பொன்னாடை போர்த்தியது. பின்னது அதையே மடித்து முன்னதற்குத் திருப்பிப் போர்த்தியது. ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள்.

பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து வைத்தார்கள். உள்ளே நோய்க்கு ஒன்றாகக் கையேடுகள். இரண்டு துறைக்கும் சமபங்கு என்பதால் இரண்டு பூட்டு. சாவிகள் தூத்துக்குடியிலிருந்த இரண்டு துறை அலுவலகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் போயின. இரு அதிகாரிகளும் ஒன்றாக வந்தால்தான் அலமாரி திறக்கும். அவர்கள் ஒன்றாக வருவது விழாவுக்கு மட்டும்.

ஒப்பந்தத்தின் சிகரம் வேறு: வெள்ளிதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை ஒரு சுகாதாரச் செவிலியர் நூலகத்தில் அமர்ந்து சந்தேகங்களைத் தீர்ப்பார். நூலகர் ஜெயஷீலா மேடைக்குப் பின்னால் போய் அதிகாரியின் காதருகே சொன்னார்:

“சார், வெள்ளிக்கிழம லைப்ரரிக்கு வார லீவு.”

“விழா முடியட்டும்மா.”

விழா முடிந்தது. கேசரியும் முடிந்தது. அதிகாரி காரில் ஏறிவிட்டார். ஜெயஷீலா இரண்டு துறைக்கும் கடிதம் எழுதினார். வெள்ளி விடுமுறை மாநிலம் முழுமைக்குமான உத்தரவு என்றது ஒரு பதில். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாள் மற்ற ஊர், வெள்ளிதான் காலி என்றது மற்றது. இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

ஆகவே செவிலியர் இந்துமதி, ஓட்டப்பிடாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய நூலகத்தின் படியில் உட்கார்ந்து கடமையாற்றலானார். முதல் வாரம் ஒரு நாய் வந்தது. இரண்டாம் வாரம், மீன் ஏலம் முடிந்து கூடையோடு திரும்பிய பிளாரன்ஸ் நின்றாள்.

“என்ன சிஸ்டர், புஸ்தகம் படிக்க வந்தியளா? இன்னைக்குத் தொறக்க மாட்டாவளே.”

“எனக்கு இங்கனதான் டூட்டி.”

“அப்ப சும்மாதான இருக்கிய. ஒரு சந்தேகம் கேக்கட்டா?”

அடுத்த வாரம் ஆறு கூடைகள். அதற்கடுத்த வாரம் படி நிறைந்து தெருவில் உட்கார்ந்தார்கள். திறந்திருக்கும் நாளில் உள்ளே ஒரு செய்தித்தாளை நான்காகப் பிரித்துக்கொண்டு ஆண்கள் அமர்ந்திருப்பார்கள். எந்தப் பெண்ணும் நுழைந்ததில்லை. படிக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது.

ஒன்பதாவது வெள்ளி, பிளாரன்ஸ் தன் புருஷன் சிலுவையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சிலுவை சங்கு குளிக்கிறவன். முந்தின நாள் கடலடியிலிருந்து அவசரமாக மேலே வந்ததில் தோள் வலி. விடிந்ததும் இடது கை மரத்திருந்தது. அதற்கு அவர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு: அதே ஆழத்துக்கு இன்னொரு முறை இறங்கினால் வலி போய்விடும். கூட்டாளி டெரன்ஸ் வள்ளத்தைத் தயாராக வைத்திருந்தான்.

“எறங்கவே கூடாது அண்ணாச்சி,” என்றார் இந்துமதி. “ஒடம்புக்குள்ள காத்துக் குமிழ் நிக்கி. மறுபடி முங்குனா ஆளே முடங்கிரும். இப்பவே பெரியாஸ்பத்திரி போவணும்.”

“நீ எத்தன பாகம் ஆழம் முங்கியிருக்க தாயி?”

“நான் கொளத்துலகூட எறங்கினதில்ல.”

“பொறவு? படியில ஒக்காந்து பேசுததெல்லாம் ஊர்ப் பேச்சு. அச்சடிச்சதுல போட்டிருக்கா? காட்டு, எறங்கல.”

கடலுக்குப் போகாத ஞாயிறுகளில், செய்தித்தாளைக் கடைசி வரி அச்சகப் பெயர் வரை படிக்கிறவன் சிலுவை. அச்சில் வந்தது அவனுக்குப் பொய்யாகாது.

அச்சில் இருக்கத்தான் செய்தது. ‘ஆழத்திலிருந்து மேலே வருவோர் கவனத்துக்கு’ என்ற கையேடு, பூட்டிய நூலகத்துக்குள், இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியில். இந்துமதி 108-ஐக் கூப்பிட, பிளாரன்ஸ் ஜெயஷீலா வீட்டுக்கு ஓடினாள். பதினாறு வருட வேலையில் வெள்ளிக்கிழமை திறந்தறியாத கதவை ஜெயஷீலா திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால், கையேட்டின் அட்டையில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எடுத்துக் குடுங்க மேடம்,” என்றாள் பிளாரன்ஸ்.

“சாவி ரெண்டும் தூத்துக்குடில, ஆபீசுக்கு ஒண்ணா இருக்கு.”

“அவியள வரச் சொல்லுங்க.”

“விழா வச்சாத்தான் வருவாங்க.”

“ஏளா, நேரமாவுது. வள்ளம் நிக்கி,” என்று சிலுவை வாசலுக்குத் திரும்பினான்.

மேசையில் செய்தித்தாள் பறக்காமலிருக்க ஒரு பெரிய சங்கு வைத்திருந்தது. ஜெயஷீலா அதை எடுத்துப் பிளாரன்ஸ் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் இன்னைக்கு லீவு,” என்றார்.

கண்ணாடி ஒரே அடியில் போயிற்று.

சிலுவை நின்றபடியே படித்தான். நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: ‘வலி தீர மறுபடி மூழ்காதீர்கள். உடனே மருத்துவமனை செல்லுங்கள்.’ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“அச்சகம் பேரு போட்டிருக்கான்,” என்றான். “ஏளா, டெரன்ஸ்ட்ட வள்ளத்தக் கட்டச் சொல்லு.”

டாக்டருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று கையேட்டையும் எடுத்துக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினான். வைத்தியத்தில் மரத்த கைக்கு உணர்வு திரும்பிவிட்டது. ஜெயஷீலா மிச்சக் கையேடுகளை அள்ளி இந்துமதியின் பையில் போட்டார். இப்போது அவை மீன் கூடைகளில் ஊர் ஊராகப் போகின்றன. தெற்கே வெகுதூரத்துப் பெரியதாழையில்கூடப் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இரு துறைகளும் கூட்டாக விசாரித்தன. குறை கண்ணாடியில்தான் என்று கண்டார்கள். போன வாரம் இன்னொரு விழா. இரும்பு அலமாரி, நான்கு பூட்டு. “இனி இந்த அறிவுக் களஞ்சியத்தை எவராலும் அசைக்க முடியாது!” என்று அதிகாரி முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள், முன்வரிசையில் சிலுவை இரண்டு கையாலும் தட்டினான்.

அலமாரிக்குள் ஒன்றும் இல்லை.