முள் இறங்கிக் கிடந்த வாரம்

கணவன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வீடு, வயல், மருந்து மாத்திரை எல்லாம் அவள் தலையில் வந்து விடிந்தன. தக்காளிப் பாத்தி நடுவே நட்டிருந்த ஈரமானிதான் ஒரே துணை. நீர் நிரப்பிய குழாய், தலையில் ஒரு முள். மண் காயக் காய முள் ஏறும். ஏறினால் மோட்டாரைப் போட வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் அவளுக்கு அது ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை. ஒரு வேலை மிச்சம் என்றிருந்தாள்.

படுக்கையில் கிடந்தவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மோட்டார் சத்தம் கேட்கவில்லையே என்று குழறும் நாக்கால் நச்சரித்தான். மண் ஈரமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ஒருநாள் சோறு ஊட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இலை உச்சி வெயில்ல வாடுதா, விடியும்போதே வாடிக் கிடக்கா?" என்றான்.

அவளுக்குத் தெரியவில்லை. விடியும்போது அவள் அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் எழுந்ததும் முதலில் வயலுக்குப் போனாள். இரவெல்லாம் ஆறியும் நிமிராமல், வெயில் ஏறுமுன்பே இலைகள் துவண்டு தொங்கின. மண்வெட்டியால் வேர்வரை தோண்டி, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பார்த்தாள். உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரமானியின் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே காற்று புகுந்து முள் செத்துக் கிடந்திருக்கிறது. அவ்வப்போது குழாயில் நீர் ஊற்றச் சொல்லித்தான் கருவியை விற்றவர்கள் கொடுத்திருந்தார்கள். போகிற போக்கில் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தான்.

"பூ உதிர்ந்திருக்குமே?"

"பாதிக்கு மேல போச்சுங்க. செடி பொழைச்சுக்கும்."

"தம்பிய வரச் சொல்லு. கொஞ்ச நாள் என்னை அவன் பாத்துக்கட்டும்" என்றான். தன்னை இந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று இத்தனை மாதம் ஒற்றைக் காலில் நின்றவன் அவன்.

அவள் அவனுக்குத் துணி மாற்றிவிட்டாள். கொழுந்தன் அந்த வாரமே வந்து சேர்ந்தான். அந்தப் போகத்தில் விளைச்சல் பாதிதான். ஆனால் விடியலில் வயலைச் சுற்றி வர அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.