நாற்பது இணைப்புகளும் ஓர் அக்காவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவின் வலது மணிக்கட்டில் பிறந்தது. கட்டட வரைபட அலுவலகத்தில் பதினெட்டு வருடம் மவுஸ் பிடித்ததில் அது வீங்கிப்போயிற்று. வேகம் கூடாவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும் என்று மேனேஜர் ஒரு மாதம் கெடு வைத்திருக்கிறார்.

(இந்தத் தொடக்கத்தை அக்கா படித்தாள். "இது கதையாடா, இல்ல டாக்டர் சீட்டா?" என்றாள். மாற்றிப் பார்க்கிறேன்.)

2

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், ஜன்னலோரம் அவள்...

இல்லை. மழையெல்லாம் பெய்யவில்லை. அக்கா இடது கையால் வெங்காயம் நறுக்கிப் பார்த்து, முடியாமல் கத்தியை என் பக்கம் தள்ளினாள்.

"வரையறதுல கை வலிக்கல. ஒரு படத்தை எடுக்கப் பத்து ஃபோல்டருக்குள்ள போய்ப் போய் வர்றதுலதான் உயிர் போகுது."

"ஒரே கிளிக்ல திறக்கிற மாதிரி பண்ணித் தரேன்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. கம்ப்யூட்டர் எனக்குச் சோறு போடுகிறது. கதை வம்புதான் இழுக்கிறது.

விஷயம் இதுதான். சாதாரண இணைப்பை அழுத்தினால் இணையப் பக்கம் வரும். நாமே ஒரு பெயர் வைத்து, 'இந்தப் பெயரில் தொடங்கும் இணைப்பு வந்தால் வரைபட மென்பொருளைக் கூப்பிடு' என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால், கேட்ட படத்தோடு அந்த மென்பொருளே திறக்கும். நாற்பது படம், நாற்பது இணைப்பு, ஒரே பக்கம். எது எங்கே இருக்கிறதென்று அக்கா ஒரு சீட்டையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி மாடிப்படியா? 'பழசு'க்குள்ள 'புதுசு'ன்னு ஒண்ணு இருக்கும், அதுல."

"பழசுக்குள்ள எப்படிக்கா புதுசு?"

"வச்சவரு ரிட்டையர் ஆயிட்டாரு. கேள்வி கேட்காம எழுது."

3

அக்கா கொடுத்த ஒரு மாதிரிப் படத்தை வைத்துப் பார்த்தேன், என் வீட்டில் அட்டகாசமாகத் திறந்தது. அக்கா அலுவலகத்தில் அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை. பெயரை என் லேப்டாப்பில் மட்டும் பதிந்துவிட்டு, பக்கத்தை மட்டும் அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

(அடிக்குறிப்பு: இந்தத் தப்பைச் செய்ததே இல்லை என்று சொல்லும் கம்ப்யூட்டர்காரரை நம்பாதீர்கள்.)

மறுநாள் நேரில் போய் அவளுடைய கம்ப்யூட்டரிலும் பதிந்தேன். திறந்தது. அக்கா சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வரியை எடுக்கச் சொல்கிறாள், எடுக்க மாட்டேன்.

4

இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். போட்டும் வைத்திருந்தேன். ஆனால் மேனேஜர் வந்து பார்த்தார். வாயெல்லாம் பல்.

"அருமைம்மா. இந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்புங்க. இனிமே யார் வந்தாலும் எந்தப் படத்தையும் எடுத்துக்கலாம்."

யார் வந்தாலும். படங்கள் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் அக்காவை இதுவரை விட்டுவைத்திருந்தார்கள். அதை நானே நாற்பது வரியாகத் தட்டி அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

[மாற்று முடிவு: மேனேஜர் மனம் மாறி, அக்காவின் கையைப் பார்த்து... சே. அந்த ஆளை எனக்குத் தெரியும்.]

5

இப்போது போனில் அவர்தான்.

"தம்பி, அந்தப் பக்கம் என் கம்ப்யூட்டர்ல திறக்கவே இல்லையே. அக்காவோடதுல மட்டும்தான் வேலை செய்யுமா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அவர் கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயரைப் பதியப் பத்து நிமிட வேலை, அதோடு அக்காவின் வேலையும் போகலாம். போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்க்கிறேன்.

"என்னை ஏன் பார்க்கிறே? நீதானே கதை எழுதறே" என்கிறாள். குரலில்தான் கிண்டல், முகத்தில் இல்லை.

எழுதுகிறவன் நான்தான். ஆனால் பதிலை நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்தது எது என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் லைனில்தான் இருக்கிறார்.