கண்ணாடி வீட்டுக்குக் குடிபோனவர்கள்

மிரானுக்குச் சொந்தமாக ஒரு வீடும் கிடையாது. ஆனால் முல்கே ஊரில் பதினோரு வீடுகளின் கதவுப்பூட்டு எண்கள் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் அக்கரை ஆட்கள் வாங்கிப்போட்ட விடுமுறை வீடுகள். ஜேஜு தீவில் பிறந்தவர்களுக்கு, விமானத்திலோ கப்பலிலோ வந்து இறங்குகிற யாராக இருந்தாலும் அக்கரை ஆள்தான். சியோல்காரர் என்றால் இன்னும் கொஞ்சம் பெரிய அக்கரை. வந்தவர்கள் காலை பதினோரு மணிக்குக் கிளம்புவார்கள், அடுத்தவர்கள் நாலு மணிக்கு வந்து இறங்குவார்கள். அந்த இடைவெளிக்குள் மிரான் படுக்கைவிரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, வடிகாலில் சிக்கிய முடியை எடுத்து, அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் ஓடுவாள். நாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. குறை ஒன்றும் இல்லை.

அந்த நவம்பர் கடைசியில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மகன் நகரத்திலிருந்து வந்தான். கையில் பேரிக்காய்ப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று மிரானுக்குத் தெரிந்துவிட்டது. வருஷ வாடகை வாங்க வருகிறவன் வெறுங்கையோடுதான் வருவான்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. வீட்ட வித்தாச்சு."

"யாருக்கு?"

"சியோல்ல டிசைனர் புருஷன் பொண்டாட்டி. அவங்க சொன்ன விலைக்கு நான் வேண்டாம்னு சொன்னா, என் பொண்டாட்டி என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா."

"எப்ப காலி பண்ணணும்?"

"சின்குகான் வாரத்துல பண்ணிட்டா போதும்க்கா. அவசரமே இல்ல."

ஜனவரிக் கடைசியில் வரும் அந்த ஒரு வாரத்தில்தான் தீவே வீடு மாறும். பழைய சாமிகள் கணக்கு ஒப்படைக்க மேலே போயிருப்பார்கள், புதுச் சாமிகள் இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள். அப்போது எதை நகர்த்தினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு இரண்டு மாதம்கூட இல்லை.

மிரானும் அவள் புருஷன் மன்ஷிக்கும் சாயங்காலங்களில் வீடு தேடி அலைந்தார்கள். மன்ஷிக் ஆரஞ்சுக் கிடங்கில் லாரி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஊரில் பூட்டிக்கிடந்த வீடுகள் ஏராளம். ஆனால் ஒன்று 'ஒரு மாசம் தங்கிப் பாருங்க' என்று அக்கரை ஆட்களுக்கு விடுகிற வீடு. அந்த ஒரு மாத வாடகை இவர்களுடைய அரை வருஷ வாடகை. இன்னொன்று சிற்றுண்டிக் கடையாகப் போகிற வீடு. மூன்றாவதில் கூரையே இல்லை, அதற்கும் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

"பேசாம நகரத்துக்கே போயிடலாமா? அடுக்குமாடியில ரெண்டு ரூம் கிடைக்கும்" என்றான் மன்ஷிக்.

"நீ ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு கிடங்குக்கு வருவியா?"

"வரமாட்டேன்."

"அப்புறம் என்ன பேச்சு?"

அவர்கள் மகள் ஹாரிம் நாலாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியில் மொத்தமே இருபத்தேழு பிள்ளைகள். அதில் ஜியூ என்ற பிள்ளையின் குடும்பம் போன வருஷம் இதேபோல வீடு கிடைக்காமல் நகரத்துக்குப் போய்விட்டது. ஜியூவின் காலி நாற்காலியை ஹாரிம் தன் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு வைத்திருப்பதாக டீச்சர் சொன்னார். மிரான் அதை மன்ஷிக்கிடம் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பியோ மேடம் வந்தார். கடலைப் பார்த்த மேட்டில் முழுக்கக் கண்ணாடியாக நிற்கிற வீடு அவருடையது. ஓய்வுபெற்ற கணவர் ஆசைப்பட்டுக் கட்டினார். கட்டி முடித்த வருஷமே அவருக்கு முதுகெலும்பில் கோளாறு வந்து விமானத்தில் உட்கார முடியாமல் போயிற்று. மேடத்துக்கு அதை வாடகைக்கு விட மனசில்லை. வாரம் இரண்டு தடவை மிரான் போய்த் திறந்து மூடுவாள், அவ்வளவுதான். இந்தத் தடவை மேடம் மூன்று தோழிகளோடு ஆரஞ்சு பறிக்க வந்திருந்தார். வந்த அரைமணி நேரத்தில் மிரானுக்குப் போன் வந்தது.

மெத்தை அலமாரி திறந்து கிடந்தது. பட்டு மெத்தையின் விளிம்பெல்லாம் கருப்புப் புள்ளி. தோல் சோபாவின் முதுகில் பச்சை பூத்திருந்தது.

"ஹாரிம் அம்மா, வாரத்துக்கு ரெண்டு முறை வர்றீங்கதானே? அப்புறம் எப்படி இது?"

"வர்றேன் மேடம். ஜன்னலத் திறக்கறேன், ஈரம் உறிஞ்சுற மெஷினப் போடறேன், தண்ணியக் கொட்டறேன். நான் வாசலத் தாண்டினதும் ஈரம் உள்ள வந்துடுது. நான் என்ன அதுகூட மல்லுக்கா நிக்க முடியும்?"

"அப்போ இதுக்கு என்னதான் வழி?"

"ஆளு இருக்கணும். அடுப்பு எரியணும், தரை சூடாகணும், நாலு பேரு உள்ள வெளிய போகணும். போன வருஷம் நீங்க இங்க தங்கினது ஒம்பது ராத்திரி. மிச்ச நாள் பூரா பூஞ்சைதான் தங்குச்சு. வாடகைகூட குடுக்காம."

தோழிகள் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. "ஆளுக்கு நான் எங்கே போறது?" என்றார்.

"எங்கயும் போக வேண்டாம். இங்கதான் நிக்கறேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மிரானுக்கே கேட்டது. முகம் காதுவரை சூடாயிற்று. வாயை விட்டுவிட்டோம், இந்த வேலையும் போயிற்று என்று நினைத்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்: வீட்டை விற்றது, தேடி அலைந்தது, பள்ளி, கிடங்கு எல்லாம். கெஞ்சவில்லை. விசாரணைக்கு விவரம் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

மேடம் மெத்தையை மடித்தார். மறுநாள் காலை மிரானை வரச்சொல்லி, போனை மேசைமேல் வைத்தார். சியோலிலிருந்து அவர் கணவரின் குரல் வந்தது.

"நாங்க வந்தா எங்கே இருப்போம்மா?"

"கடல் பக்கத்து அறை உங்களுது சார். அதுல நாங்க காலே வைக்கமாட்டோம். கூட்டறதுக்கு மட்டும்தான்."

"ஆகஸ்ட்ல பத்து நாள் வரணும்னு ஆசை. கப்பல்ல படுத்துக்கிட்டே வரலாமாம்."

"வாங்க. நானே துறைமுகத்துக்கு வண்டி அனுப்பறேன்."

மேடம் மூன்று நிபந்தனை போட்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்குள் மீன் காயவைக்கக் கூடாது. கடல் அறையில் சாமான் அடுக்கக் கூடாது. வாடகை, பழைய வீட்டுக்குக் கொடுத்த அதே தொகை. சுத்தம் செய்கிற கூலி இனிமேல் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மட்டும், பிறகு பார்க்கலாம். மிரான் தலையாட்டினாள். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது மூன்று தடவை சாவி போட வேண்டியிருந்தது.

மன்ஷிக் நம்பவே இல்லை. "அந்த மீன்தொட்டியிலயா? நான் பனியனோட நிக்கறத ஊரே பாக்கும்!"

"ஊரு எப்பவோ பாத்துடுச்சு. புதுசா ஒண்ணும் பாக்கப்போறதில்ல."

சின்குகான் வாரத்தில் தீவில் லாரி கிடைப்பது குதிரைக்கொம்பு. மன்ஷிக்குக்குக் கிடங்கு லாரியே இருந்தது. பக்கத்து வீட்டு ஓக்னாம் சம்சுன் விடியற்காலையிலேயே வந்து நின்றாள். அந்த ஊரில் வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ எல்லோரும் சம்சுன்தான்.

"சீக்கிரம் ஏத்துங்கடா! சாமிங்க மேல மீட்டிங் முடிச்சு இறங்கறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்று அதட்டிக்கொண்டே முதலில் சோறாக்கும் பானையையும் அரிசி மூட்டையையும் முன் சீட்டில் ஏற்றினாள். மிரான் பின்னால் சாமான்களோடு உட்கார வேண்டியதாயிற்று. கண்ணாடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சம்சுன் கேட்டாள்: "ஏம்மா, இதுல செருப்பு எங்க வைக்கிறது?"

உண்மைதான். நாலு வருஷம் துடைத்தபோது மிரான் கவனித்ததில்லை. செருப்புக்கு இடமில்லை. கிம்ச்சி குளிர்பெட்டிக்கு இடமில்லை. சமையல் மேடையில் ஒரு முள்ளங்கியை முழுசாக நறுக்க முடியாது. முதல் நாள் ராத்திரி ஜன்னலோரத் தொட்டியில் கடலைப் பார்த்தபடி குளிக்க உட்கார்ந்தாள். முழங்கால் நனைவதற்குள் வெந்நீர் தீர்ந்துவிட்டது. போட்டோ எடுக்கிறவர்களுக்காகக் கட்டிய தொட்டி. ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். குளிர்பெட்டி கடைசியில் படிக்கட்டுக்கடியில் போயிற்று. வெள்ளை சோபாமேல் பூப்போட்ட போர்வை விழுந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளம்பெண்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "ஐஸ் காபி ரெண்டு" என்றார்கள். குளிருக்குப் போடுகிற உள்கால்சட்டையோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த மன்ஷிக் எழுந்து நின்றான்.

"ஐஸ் இல்ல. சூடா பாக்கெட் காபி இருக்கு. பரவாயில்லையா?"

அவர்கள் பரவாயில்லை என்று உட்கார்ந்து, காபி குடித்து, ஒரு பை ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டார்கள். "வீடுங்க இது" என்றான் மன்ஷிக். அவர்கள் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி ஹாரிம் ஒரு வாரம் சிரித்தாள். மறுநாள் மிரான் வாசலில் அட்டை மாட்டினாள்: 'இது கடை இல்லை. ஆட்கள் குடியிருக்கிறார்கள்.' ஆணி அடிக்கவில்லை, கயிற்றில் கட்டினாள்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலை ஏப்ரலில் முடிந்தது. அதை வாங்கிய டிசைனர் ஜோடிக்கு மிரான் யாரென்று தெரியாது. சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று ஊர்த்தலைவரைக் கேட்டு, அவர் கொடுத்த நம்பரில் கூப்பிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று மிரான் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். போனாள். தாங்கள் மூன்று பேரும் படுத்த அறையில் ஒற்றைக் கட்டில் கிடந்தது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, குளியலறையில் மன்ஷிக் கோணல்மாணலாக ஒட்டிய ரோஜாநிற ஓடுகளை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள்.

"இதுதான் வீட்டோட அழகே. இப்படி ஒட்ட இப்போ யாருக்கும் வராது" என்றாள் அந்தப் பெண்.

"வராதுதான்" என்றாள் மிரான். ஒரு கோணல் ஓட்டை விரலால் தடவினாள். கூடவே சிரிப்பும் வந்தது. மற்ற வீடுகளுக்கு வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு கூலி கேட்டாள். அவர்கள் உடனே சரியென்றார்கள். ராத்திரி மன்ஷிக்கிடம் சொன்னபோது அவன் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, நேரா ஒட்டுனா நல்லா இருக்காதுன்னு."

ஆகஸ்டில் பியோ மேடமும் கணவரும் கப்பலில் வந்தார்கள். மன்ஷிக் துறைமுகத்திலிருந்து கூட்டிவந்தான். கணவர் இடுப்புப்பட்டையோடு மெதுவாக இறங்கி, கைப்பிடியைப் பிடித்து நின்று கடலைப் பார்த்தார். மேடம் வீட்டைப் பார்த்தார். வெளித் தடுப்புக் கம்பியில் வாளைமீன் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே, இத்தாலியிலிருந்து வந்த தொங்குவிளக்கில் பூண்டுச்சரம்.

"ஆணி அடிக்கல மேடம்" என்றாள் மிரான். "மீனும் வெளியதான்."

மேடம் ஒவ்வொரு அறையாகப் போனார். பூப்போட்ட போர்வையை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். "என் வீடு மாதிரியே இல்லை" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. தான் இருந்த வீட்டில் வேறு யாரோ வேறு மாதிரி இருப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று மிரானுக்குத் தெரியும்.

மேடம் கடல் அறைக்குள் போய் மெத்தை அலமாரியைத் திறந்தார். மெத்தையை இழுத்து முகத்தில் வைத்து மோந்தார். வெயில் வாசனை. வெளியே வந்து, "பசிக்குது. என்ன இருக்கு?" என்றார்.

பத்து நாளும் சுமுகமாகப் போனது என்று சொல்ல முடியாது. மன்ஷிக் விடியுமுன் லாரியை முடுக்கும் சத்தத்தில் மேடத்துக்குத் தூக்கம் கெட்டது. இரண்டாம் நாள் அதற்காக நேராகவே கடிந்துகொண்டார். அன்றிலிருந்து அவன் லாரியை மேட்டுக்குக் கீழே நிறுத்தினான். ஆனால் கணவர் மட்டும் முதல் நாளிலிருந்தே இந்த வீட்டில் பிறந்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஹாரிம் அவருக்கு ஊர்ப்பேச்சு கற்றுக்கொடுத்தாள். அவர் தப்பாகச் சொல்ல, அவள் உருண்டு சிரிக்க, மேடம் சமையல் மேடையில் நின்று, "இந்த மேடையில முள்ளங்கி நறுக்கவே முடியலையே, யார் இப்படிக் கட்டினது?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டார்.

"நீதான் படத்துல பார்த்து இதுதான் வேணும்னே."

கிளம்புவதற்கு முதல் நாள் மேடம் புது ஒப்பந்தக் காகிதத்தைக் கொடுத்தார். ஹாரிம் நடுநிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்வரை வாடகை ஏறாது. அவர்கள் வந்து தங்கும் பத்து நாள் இனி இருபது நாள் ஆகும். கண்ணாடிக்குத் திரை போட்டுக்கொள்ளலாம். மிரான் இரண்டு தடவை படித்தாள். நாலரை வருஷம். அவள் மனசுக்குள் இவ்வளவு நாளும் சாமான் கட்டியபடியே இருந்த ஒருத்தி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

மேடத்தின் தோழி ஒருத்திக்கும் ஊரின் மறுமுனையில் பூட்டிய வீடு ஒன்று உண்டு. ஜியூ குடும்பத்துக்காக மிரான் கேட்டுப் பார்த்தாள். தோழி சிரித்து மழுப்பிவிட்டாள். அடுத்த வருஷமும் கேட்பதாக மிரான் முடிவு செய்திருக்கிறாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் வாசலில் பரப்பியிருந்த வெள்ளைச் சரளைக்கல்லை மன்ஷிக் காலால் கிளறிப் பார்த்தான். அடியில் நல்ல கருப்பு மண். சியோலுக்குப் போன் போட்டான்.

"மேடம், இந்தக் கல்ல வாரிட்டு பூண்டு போடலாமா?"

அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச நேரம் வாதாடுவது கேட்டது. பிறகு மேடம் சொன்னார்: "பாதி போட்டுக்கோங்க. மீதி பாதி கல் அப்படியே இருக்கட்டும்."

மூன்று பேருமாக அன்று சாயங்காலமே பாதிக் கல்லை வாரி ஒதுக்கிவிட்டு, வரிசை வரிசையாகப் பூண்டை ஊன்றினார்கள்.