இடது புருவம்

பாக்கியம் சுடுதண்ணீர்ச் செம்பில் ஷேவிங் பிரஷ்ஷை முடி மூழ்க நிறுத்திக்கொண்டிருந்தபோது, கொழுந்தன் மார்ட்டின் நுரை டப்பாவும் புது ரேசருமாக வந்து நின்றான்.

"நவுருங்க அண்ணி, நான் பண்ணிடறேன். பெட்டி வந்துடுச்சி. நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்கணும். இப்பப் போயி இன்னாத்துக்கு சுடுதண்ணி?"

"பிரஷ்ஷுக்கு. ஊறணும்."

மார்ட்டின் நுரை டப்பாவோடு அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். கணவர் ஆரோக்கியதாஸுக்கு விடியற்காலையில் மூச்சு நின்றதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையென்று வாசலில் பெண்கள் குசுகுசுத்தார்கள். பேசிவிட்டுப் போகட்டும். பெட்டிக்குள் போகுமுன் அந்த முகத்தைத் தன் கையால் சவரம் செய்துவிட வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன எட்டு மாதமாக அவள்தான் அவருக்குச் சவரம் செய்துவந்தாள். பழைய நைலான் பிரஷ்ஷை வைத்தால் இடது புருவம் விருட்டென்று ஏறும். குத்துகிறது என்று சொல்ல அவருக்கு மிஞ்சியிருந்தது அதுதான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் பேச்சென்று இருந்ததே அவள் கேள்வியும் அந்தப் புருவமும்தான்.

போன மாதம் கள்ளக்குறிச்சிக் கடையில் மூன்று பிரஷ்ஷைத் தன் கன்னத்திலேயே தேய்த்துப் பார்த்தாள். வெட்கம் என்ன வெட்கம்? மலிவானது, குத்துவதில் பழையதற்கு அண்ணன். உசத்தியானது பஞ்சாக இருந்தது. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். நடுவிலையில், மரப்பிடி போட்ட பன்றிமுடி பிரஷ்ஷை வாங்கினாள்.

"மொதல்ல குத்தும்மா. தெனம் ஊற வச்சி போட்டுக்கினு வாங்க. ஒரு மாசத்துல பதமாயிடும்," என்றார் கடைக்காரர்.

அவள் தினமும் ஊறவைத்தாள். அவர் தினமும் புருவத்தை ஏற்றினார். நாளாக நாளாக ஏற்றம் குறைந்தது. நேற்றுகூட லேசாக ஏறியது. "இன்னும் நாலு நாளு பொறுத்துக்கோங்க," என்று சொல்லியிருந்தாள்.

பிரஷ்ஷை உதறி சோப்பில் சுழற்றினாள். மரத்துப்போயிருந்த வலக்கன்னத்தில் முதலில், பிறகு இடது. வழக்கம்போலக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க, குத்துதா?"

புருவம் அப்படியே இருந்தது. பின்னால் மார்ட்டின் மூக்கை உறிஞ்சினான்.

மோவாய்க்குக் கீழிருந்த மருவில் படாமல் மழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். ஒரு கீறல் விழவில்லை. நான்கு பேர் வந்து அவரை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள்.

அவள் பின்கட்டில் பிரஷ்ஷை அலசினாள். பக்கத்தில் யாருமில்லை. ஈரமுடியைத் தன் இடது கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். குத்தவில்லை. துளிக்கூடக் குத்தவில்லை.

அவரிடம் சொல்ல அறைக்குள் ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது.

"அண்ணி, வாங்க. மூடப்போறாங்க."

"தோ வரேன்."

பிடியில் கட்டியிருந்த நூலில், முடி கீழே பார்க்க, பிரஷ்ஷை ஆணியில் மாட்டினாள். சொட்டும் தண்ணீருக்கு அடியில் செம்பை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.