லாஸ் பல்மாஸ் போகிறவனுக்குப் பத்துக் குறிப்புகள்

1

இதைக் கதையாக எழுத வேண்டியதே இல்லை, அரைப் பக்கம் போதும். பம்பாயில் இருக்கும் ஒரு கப்பல் கம்பெனிக்கு, "ஐயா, தப்பு என்னுடையது" என்று ஒரு வாக்குமூலம். பதினோரு நாளாக அதை எழுத உட்காருகிறேன். ஒவ்வொரு முறையும் கதையாகிவிடுகிறது. களைத்துப்போனேன். கதையை முதலில் எழுதித் தொலைத்துவிட்டால் வாக்குமூலம் தானாக வரும் என்று தோன்றியது. அதனால்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

முதல் தொடக்கம்: அந்தத் துறைமுகத்தில் வெயில் ஆரஞ்சுத் தோலின் நிறத்தில் —

(இல்லை. அந்தத் துறைமுகத்தை நான் பார்த்ததில்லை. சிக்கலே அதுதான்.)

இரண்டாம் தொடக்கம்: 1972 ஜூன் பதினான்காம் தேதி வாக்குமூலம் அளிப்பவர் சங்கரபாண்டியன், வயது இருபத்து மூன்று, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா, ஓய்வு நேரத்தில் —

(ஓய்வு நேரம் கம்பெனிக்கு எதற்கு? ஆனால் அதைச் சொல்லாமல் ஒன்றும் விளங்காது.)

ஓய்வு நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறேன்.

2

ரோச் என் சிநேகிதன். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவன். போன ஏப்ரலில் பம்பாயிலிருந்து புறப்படும் ஒரு சரக்குக் கப்பலில் அவனுக்கு டெக் வேலை கிடைத்தது. சூயஸ் கால்வாய் மூடிக்கிடப்பதால் கப்பல்கள் இப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அவன் கப்பல் வழியில் எண்ணெய் நிரப்ப லாஸ் பல்மாஸில் நிற்கும். ஸ்பெயின்காரர்களுடைய தீவில் இருக்கிற துறைமுகம், ஸ்பானிஷ் பேசுகிற ஊர்.

"ஏலே, நீதான் அந்த ஊர்க் கதையெல்லாம் படிக்கியே. அங்கன எப்படி நடந்துக்கிடணும்னு எழுதிக் கொடு. பேக்கு மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கப்படாது பாரு."

"நான் படிச்சது கதைலே."

"கதைன்னாலும் ஊரு ஊருதானே?"

அவனுக்கு என்மேல் இருந்த மதிப்பு பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.*

* ஆதாரம் மூன்று நாவல்கள். ஒன்றில் கடைசி நாற்பது பக்கம் இல்லை. இன்னொன்றின் துறைமுகம் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அது ஆசிரியர் கற்பனை செய்த ஊர் என்று முன்னுரையில் இருக்கிறது. முன்னுரையை நான் கடைசியில்தான் படிப்பேன்.

3

குறிப்புகளை அப்படியே தருகிறேன். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதி முடிந்ததும் நிறுத்தாதீர்கள்.

1. கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல். எடுத்த எடுப்பில் விலை கேட்டால் மதிக்க மாட்டார்கள்.

2. மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை வரை ஊர் தூங்கும். அடைத்த கடையைத் தட்டாதே.

3. ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். ஏழு மணிக்குப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

4. துறைமுகத்தில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. கரைக்கு இறங்கத் தரும் பாஸைச் சட்டைப்பையில் வைக்காதே. ஷூவுக்குள், பாதத்துக்கு அடியில் வை.

5. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக நல்ல உடுப்பு உடுத்தி வீதியில் நடப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்காதே. எங்கேயும் போகவில்லை.

6. ஒரு காப்பி வாங்கிவிட்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். யாரும் விரட்ட மாட்டார்கள்.

7. மாதா கோயிலுக்குள் நம் ஊர் மாதிரிதான். சந்தேகப்படாதே.

8. தெரிந்த பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து விசாரிப்பார்கள். நீயாக முன்னால் போகாதே.

ஒன்பதையும் பத்தையும் இப்போது தரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

4

ஜூன் மூன்றாம் தேதி ஆபீஸ் முகவரிக்கு ரோச்சின் கடிதம் வந்தது. அவன் எழுத்தை நான் திருத்தவில்லை.

"நீ எழுதுனது பூரா சரியாத்தான் இருந்துச்சுலே. மத்தியானம் ஊரே தூங்குது. கப்பல் ஏழு மணிக்குப் புறப்படும், அதுக்குள்ள அக்கா பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திரலாம்னு கோயிலுக்குப் போனேன். வாசல்ல ஒரு செருப்பும் இல்ல. கொஞ்சம் யோசிச்சேன். நீ சந்தேகப்படாதேன்னு எழுதியிருந்த. பம்பாய்ல வாங்கின புது ஷூவைக் கழத்தி வச்சிட்டு உள்ள போனேன். உள்ள அம்புட்டுப் பேரும் ஷூவோட முட்டிபோட்டு நிக்காங்க. வெளிய வந்தா என் ஷூ இல்ல. பாஸ் அதுக்குள்ள.

வெறுங்காலோட பாஸ் இல்லாம துறைமுக கேட்டுக்குப் போனா காவக்காரன் விடுவானா? அவன் பேசுதது எனக்குத் தெரியல, நான் பேசுதது அவனுக்குத் தெரியல. போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டான். ஜன்னல் வழியா கப்பல் போறது தெரிஞ்சுது.

இப்ப ஒரு சிந்திக்காரர் துணிக்கடையில இருக்கேன். இங்கன நம்ம நாட்டுக்காரங்க கடை நிறைய இருக்கு. உன் புஸ்தகத்துல அது இல்லையோ? கம்பெனியில என்னை ஓடிப்போனவன்னு எழுதிட்டா முடிஞ்சுது. நீ எழுதிக் கொடுத்த தாளை இதோட வச்சிருக்கேன். நீதான் எழுதினன்னு கம்பெனிக்குச் சொல்லு. அக்காகிட்ட சொல்லிராத."

எங்கள் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் மட்டும் காட்டினேன். அந்தக் கம்பெனிக்கு இங்கே ஏஜெண்டு நாங்கள்தான் என்பதால், ரோச்சைப் பற்றிய விசாரணைத் தாளும் அதே வாரம் அவர் மேசைக்கு வந்திருந்தது.

"ஓடிப்போனவன்னு ஒரு வாட்டி கம்பெனி புஸ்தகத்துல ஏறிச்சுன்னா, பொறவு எந்தக் கப்பல்லயும் ஏணிகூடப் போட மாட்டான்" என்றார். "சீக்கிரம் எழுதுடே."

5

எழுதினேன். கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் மூச்சடக்கி, கையால் மண்ணைத் துழாவிச் சங்கு எடுக்கிறவன் ரோச். பக்கத்தில் சுறா நிற்கிறதா என்று தண்ணீரின் அசைவிலேயே சொல்வான். அவன் ஒரு வாசலில், ஒரு செருப்பும் இல்லாத வாசலில், ஷூவை விட்டுவிட்டு உள்ளே போனான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நாவலில் வந்தால் நான் நம்பமாட்டேன். பக்க ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன்.

எனவே வேறு முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். ரோச் அங்கேயே தங்கிவிடுகிறான். கித்தார் செய்பவர் ஒருவரின் மகள், பச்சை நிறப் பலகணி, அவள் அவனுக்கு —

அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ரோச்சின் அக்கா விக்டோரியா ஆபீசுக்குள் வந்தாள். இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை. ஐஸில் ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"சங்கரபாண்டி, கடுதாசியக் கொடு."

"எந்தக் கடுதாசிக்கா?"

"நடிக்காதலே. தபால்காரர் பொண்டாட்டி எனக்கு எதுத்தாப்புலதான் உக்காந்து இறால் உரிக்கா. பதினோரு நாளா சட்டப்பையில வச்சிக்கிட்டு அலையுத."

கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மெழுகுவர்த்தி வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "இங்கன இருந்த வரைக்கும் பூசைக்கு இழுத்துக்கிட்டுப் போகணும். அங்கன போய் எனக்கு மெழுகுவத்தி ஏத்துதானாம்." பிறகு குறிப்புத் தாளைப் படித்தாள். "இந்த ஏழாவது எந்தப் புஸ்தகத்துல இருந்துச்சு?"

"எதுலயும் இல்ல."

"பொறவு?"

"எட்டுதான் வந்துச்சு. பத்து இருந்தா நல்லா இருக்கும்னு ஒண்ணு ரெண்டு நானா..."

அவள் என்னை அடித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். மேசைமேல் கிடந்த என் தாளை எடுத்தாள்.

"இது யாருலே இந்தப் பொண்ணு? பச்சைப் பலகணியில நிக்கிறவ?"

"அது... வேற ஒரு முடிவுக்கா."

"என் தம்பிக்கு நீ முடிவு எழுதுதியோ?" தாளைக் கவிழ்த்து வைத்தாள். "உக்காரு. இந்தப் பத்துல படிச்சது எது, நீயா சேத்தது எது, அதை மட்டும் பிரிச்சு எழுது. வெயிலு, காத்து ஒண்ணும் வேண்டாம்."

6

பிரித்தேன். ஒன்று முதல் மூன்று வரை படித்தவை. நான்கு, கடைசி நாற்பது பக்கம் இல்லாத நாவலிலிருந்து. அதில் ஒரு கள்ளக்கடத்தல்காரன் ரகசியக் கடிதத்தை ஷூவுக்குள் வைக்கிறான்.* ஐந்து, ஆறு, எட்டு படித்தவை. ஏழு என்னுடையது. பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு நானும் போயிருக்கிறேன். வாசலில் ஆயிரம் செருப்பு கிடக்கும். உலகத்தில் எல்லா மாதாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

* அவன் அகப்பட்டானா தப்பினானா என்பது அந்த நாற்பது பக்கத்தில் இருக்கும்.

வாக்குமூலம் முக்கால் பக்கத்தில் முடிந்தது. நல்லக்கண்ணு அண்ணாச்சி அதை வாங்கிப் படித்தார், தலையாட்டினார். பிறகு ரோச் அனுப்பிய குறிப்புத் தாளை எடுத்துக் கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏய், இது என்னடே பத்தாவது?"

இனி மறைத்துப் பயனில்லை. ஒன்பதும் பத்தும் இவை:

9. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் அந்த ஊரின் படிக்கட்டுகளில் உட்கார்ந்து பார். திரும்பிப் போகும் நேரம் மறந்துபோகும்.

10. அங்கே யாரும் உன்னை யார் மகன், எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். ஒரு மனிதன் அங்கே புதிதாகத் தொடங்கலாம்.

"இதைப் படிச்சா எனக்கே ஓடிப்போகலாம்னு தோணுது" என்றார் அண்ணாச்சி. "சாட்சின்னு நாம அனுப்புதோம். கம்பெனிக்காரன் இதையே எடுத்து, பாத்தியா, கிளம்பும்போதே யோசனையோடதான் போயிருக்கான்ம்பான். கீழே ரெண்டையும் கிழிச்சிருவோமா?"

"கிழிச்ச தாளை எவன் நம்புவான் அண்ணாச்சி?" என்றாள் விக்டோரியா அக்கா. "முழுசா அனுப்புங்க."

உறவினர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் போட்டாள். வெளுத்த விரலில் பேனா வழுக்கியது. எழுந்து போகும்போது என் பக்கத்தில் நின்று, அண்ணாச்சிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"ஓடியிருக்க மாட்டாம்லா?"

ஒன்பதாவது படித்தது. பத்தாவது குறிப்பு எந்த நாவலிலும் இல்லை. அது நான் எனக்காக எழுதியது; போகப்போகிறவன் அவன் என்பதால் அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதைப் படித்து என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"மாட்டான்க்கா" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அவள் போய்விட்டாள்.

7

நான் முடிவு எழுதப்போவதில்லை. அது என் வேலை இல்லை என்று என்னிடம் சொல்லியாகிவிட்டது.

விசாரணைத் தாளின் கடைசி வரி பம்பாய் அதிகாரி நிரப்ப வேண்டியது. அவரிடம் இருப்பவை ஒரு கடிதம், ஒரு வாக்குமூலம், பத்துக் குறிப்புகள். உங்களிடமும் அவைதான் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது: விக்டோரியா அக்காவைப் பார்த்துவிட்டீர்கள். அந்த அதிகாரி பார்க்கப்போவதில்லை. அந்த வரியைக் கீழே நகல் எடுத்திருக்கிறேன். நான் தூங்கி நாளாகிறது. பேனா எடுங்கள். பொருந்தாததை அடித்துவிடுங்கள்.

டெக் பணியாளர் ரோச்: கப்பலை விட்டு ஓடியவர் / கப்பலைத் தவறவிட்டவர்.